நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான மருந்துகள்

பனிக்காலம் கழிந்த பின்னும் காலையில் நெடுநேரம் இருமிக் கபம் துப்புகின்ற முதியவரை நம் நாட்டில் எந்த ஊரிலும் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன்வரை தலைச்சுமையுடன் சந்தைக்கு நடந்தவர், இன்று கிணற்றடிக்குச் சென்று திரும்புவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். வட இந்தியக் கிராமங்களில் இதைத் 'தமா' என்பர். தமிழில் இரைப்பு, ஈளை என்று வழங்குவர். வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் சொல்லிவிடுவதும் உண்டு. மருத்துவர்கள் இந்நோயை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று அழைக்கின்றனர். இது முதுமையின் இயல்பன்று. இதற்குப் பயனுள்ள மருந்துகள் உள்ளன. அவை உரிய இடத்தைச் சென்று அடைகின்றனவா என்பதே நம் கவலைக்குரியது.

2018-இல் வெளியான ஆய்வுக் கணக்கின்படி, 2016-இல் இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. உலக மக்களுள் 18 சதவீதத்தினரே நம் நாட்டில் வாழ்ந்தனர். எனினும் நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழந்த ஆரோக்கிய வாழ்நாட்களில் 32 சதவீதம் இங்கு இழக்கப்பட்டது. அடைப்பு நோயால் நேர்ந்த இழப்பில் 53.7 சதவீதத்துக்குக் காற்று மாசும், 25.4 சதவீதத்துக்குப் புகையிலையும், 16.5 சதவீதத்துக்குத் தொழிலிடத்துத் தூசியும் புகையும் காரணம் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. காற்று மாசு என்பதில் விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகையும் அடங்கும். பீடியைக் கையால் தொட்டறியாத பெண்களுக்கும் இந்நோய் வருவதன் காரணம் இதுவே. ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில், எதைக் கொண்டு சமைக்கிறீர்கள் என்ற கேள்வி வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

குழாய் குறுகினால் என்ன ஆகும்?

மூச்சுக்குழல் மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து, முடிவில் மிக நுண்ணிய காற்றறைகளை அடைகின்றது. பல்லாண்டுகள் புகை பட்டுவர, சிறு குழல்களின் சுவர் வீங்கித் தடிக்கின்றது. கபம் மிகுதியாகச் சுரக்கின்றது. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகின்றது. காற்றறைகளின் மெல்லிய சுவர்களும் அழிந்து போகின்றன. இச்சுவர்களே சிறு குழல்களை நாற்புறமும் இழுத்துத் திறந்து வைத்திருப்பவை. அவை அழிந்தபின், மூச்சை வெளிவிடும்போது குழல்கள் அமுங்கி மூடிக்கொள்ள, உள்ளே சென்ற காற்று முழுதும் வெளியேற இயலாமல் தேங்குகிறது. மார்பு பீப்பாயைப் போல் புடைத்து நிற்பது இத்தேக்கத்தினாலேயே. நோயாளியின் துன்பம் காற்று உள்ளே போகவில்லை என்பதைக் காட்டிலும், பழைய காற்று வெளியே வரவில்லை என்பதே ஆகும்.

பாய்ஸொய் விதியை மேல்நிலை வகுப்பு ஆசிரியர் அறிவர். சீராக ஓடும் பாய்பொருளுக்குக் குழாய் காட்டும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். இதையே மறுபுறம் பார்ப்போம். ஆரத்தை 10 சதவீதம் மட்டுமே அகலமாக்கினாலும் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நுரையீரலின் குழல்கள் நேரானவையும் அல்ல, விறைப்பானவையும் அல்ல. ஆகவே இக்கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆனால் இறுகிய தசை சிறிதளவு தளர்ந்தாலும் நோயாளிக்குப் பெரிய ஆறுதல் கிட்டுவது ஏன் என்பதை இது நன்கு விளக்குகிறது. மாணவர் ஒருவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு, குளிர்பானம் பருகும் ஸ்ட்ரா ஒன்றின் வழியாக அரை நிமிடம் மூச்சு விடச் சொன்னால் வகுப்பு முழுவதும் பாடத்தைப் புரிந்துகொள்ளும். ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ள மாணவரை இதில் ஈடுபடுத்த வேண்டாம்.

குழலைத் தளர்த்தும் இருவகை மருந்துகள்

மூச்சுக்குழல் தசையை இருவழிகளில் தளர்த்தலாம். அத்தசையில் பீட்டா-2 ஏற்பிகள் என்னும் இடங்கள் உள்ளன. அவற்றைத் தூண்டினால் தசை தளரும். 1969-இல் வழக்கத்துக்கு வந்த சால்பியூட்டமால் இவ்வகையைச் சேர்ந்தது. உறிஞ்சிய சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் ஆகியவை 12 மணி நேரமும், இண்டக்கட்டெரால் ஒரு நாள் முழுவதும் நிற்பவை. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் இவ்வகை மருந்துகளால் சிலருக்கு நேரும்.

இரண்டாம் வழி, தசையை இறுக்கச் சொல்லும் செய்தியைத் தடுப்பது. வேகஸ் நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையை இறுக்குகின்றது. அது சென்று பற்றும் இடத்தை மருந்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். இவ்வகையின் வரலாறு சென்னையோடு தொடர்புடையது. ஊமத்தையின் புகையை இரைப்புக்காக இழுப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸன் இதனை அறிந்திருந்தார். ஜெனரல் ஜென்ட் என்பவர் வழியாக 1802-இல் இச்செய்தி பிரிட்டனை எட்டிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடைகளில் ஊமத்தைச் சுருட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஊமத்தையிலுள்ள அட்ரோப்பின் போன்ற பொருள்கள் குழலை விரிப்பது உண்மையே. ஆனால் அவை இரத்தத்தில் கலந்து மூளையையும் எட்டி, வாயை உலர்த்தி, அறிவைக் குழப்பி, அளவு மிஞ்சினால் உயிரையே போக்கும். வேதியியலார் அதன் மூலக்கூற்றை மாற்றி, மின்னேற்றம் பெற்ற நைட்ரஜன் அணு உடையதாக ஆக்கினர். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு சுவர்களை எளிதில் ஊடுருவாதாகையால், நுரையீரலில் இட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். இப்ராட்ரோப்பியம் இவ்வாறு பிறந்தது. ஆறு முதல் எட்டு மணி நேரம் பயன் தரும். அதன் பின்வந்த டையோட்ரோப்பியம் நாளுக்கு ஒருமுறை போதும். ஊமத்தைப் புகையை இன்றும் யாரேனும் பரிந்துரைத்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்தாவது எங்ஙனம்? இவ்வகை மருந்துகளால் வாய் உலர்வது இயல்பு. சிறுநீர் தடைப்படும் முதியவர்களும், கண் அழுத்த நோயுள்ளவர்களும் மருத்துவரிடம் அதை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நாளும் மூச்சிரைப்பு உள்ளவர்க்கு, நீண்ட நேரம் நிற்கும் இவ்விருவகை மருந்துகளுள் ஒன்றோ இரண்டும் சேர்ந்தோ அடிப்படைச் சிகிச்சையாகும். சால்பியூட்டமால் திடீர்த் திணறலுக்கு மட்டும் கைவசம் இருக்க வேண்டியது. 2022-இல் வெளியான தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் சால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம், டையோட்ரோப்பியம், பியூடெசொனைடு, பியூடெசொனைடு-ஃபார்மோட்டெரால் கலவை ஆகியவை உறிஞ்சும் மருந்துகளாக இடம்பெற்றுள்ளன.

மருந்தால் இயலாதது

இம்மருந்துகள் மூச்சிரைப்பைக் குறைக்கும்; நோய் திடீரென்று முற்றுவதைத் தடுக்கும்; நடக்கும் தூரத்தைக் கூட்டும். அழிந்த காற்றறையை இவை மீண்டும் கட்டித் தரமாட்டா. 1994-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைபிடிப்பவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இப்ராட்ரோப்பியம் உறிஞ்சியவர்களின் நுரையீரல் தேய்வு அதனால் வேகம் தணியவில்லை. புகைப்பதை நிறுத்தியவர்களின் தேய்வு வேகம் தணிந்தது. 2008-இல் டையோட்ரோப்பியத்தை நான்காண்டுகள் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும், நோயாளிகள் நலமாக இருந்தனர், நோய் முற்றுவது குறைந்தது, ஆனால் தேய்வின் வேகம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. பீடியை விடாதவரின் கையிலுள்ள விலையுயர்ந்த இன்ஹேலரையும், புகைக்கூண்டு இல்லாத அடுப்பின் முன் அமர்ந்து டையோட்ரோப்பியம் உறிஞ்சும் மூதாட்டியையும் காணும் களப்பணியாளர் இந்த இரு ஆய்வுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல கோடி வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிட்டிற்று. உருளை தீர்ந்தபின் மறு உருளை வாங்கப்படுகிறதா என்று கேட்பதும் இந்நோயின் சிகிச்சையில் அடங்கும்.

ஸ்டீராய்டு மருந்துகள்

ஆஸ்துமாவுக்கும் இந்நோய்க்கும் வேறுபாடு காணவேண்டிய இடம் இது. ஆஸ்துமாவில் உறிஞ்சும் ஸ்டீராய்டே சிகிச்சைக்கு ஆணிவேர். அடைப்பு நோயில் அது எல்லோருக்கும் உரியதன்று. ஆண்டில் பலமுறை நோய் முற்றுபவர்களுக்கும், இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் குழல் விரிப்பு மருந்துடன் அதையும் சேர்ப்பர். 100-க்குக் குறைந்தால் பெரும்பாலும் பயனில்லை. 2007-இல் வெளியான, 6,000-க்கு மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், ஃபுளூட்டிகசோன் உறிஞ்சியவர்களிடம் நிமோனியா கூடுதலாகக் காணப்பட்டது. தேவையுள்ளவர்க்குத் தரும்போது, உறிஞ்சிய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்ல வேண்டும். இல்லையேல் நாக்கிலும் தொண்டையிலும் வெண்படலமாகக் காளான் படியும்.

ஸ்டீராய்டு மாத்திரையின் செய்தி வேறு. நோய் முற்றியபோது ஐந்து நாட்கள் கொடுக்கும் பிரட்னிசொலோன் உயிர்காக்கும் மருந்து. அந்த ஐந்து நாட்களில் கிட்டிய சுகத்தை மறவாத நோயாளி, பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். பசி எடுக்கிறது, முகம் உருண்டு திரள்கிறது, உடல் தேறிவிட்டதாக வீட்டார் மகிழ்கின்றனர். உள்ளே எலும்பு நொய்கின்றது, சர்க்கரை ஏறுகின்றது, கண்ணில் புரை விழுகின்றது, தசை மெலிகின்றது. மறைந்திருந்த காசநோயும் தலைதூக்கலாம். இவ்வாறு நெடுநாள் உட்கொண்டவர் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. கண்ட களப்பணியாளர் மாத்திரையைப் பறிக்காமல், நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தியோஃபிலினைப் பற்றியும் சொல்லவேண்டும். 1888-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்பிரெக்ட் காஸெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. எட்டோஃபிலினுடன் கலந்த மாத்திரையாகவும் ஊசியாகவும் நம் ஊர்களில் இது நன்கு அறிமுகமானது, விலை மலிவு. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதே இதன் குறை. வாந்தி, தூக்கமின்மை, இருதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு ஆகியவை நேரக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் உட்கொண்டால் இரத்தத்தில் இதன் அளவு ஏறும். புகைப்பதை நிறுத்தினாலும் ஏறும். புகை ஈரலைத் தூண்டி இம்மருந்தை விரைவில் சிதைக்கச் செய்து வந்தது நின்றுவிடுவதே காரணம். 2018-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், உறிஞ்சும் ஸ்டீராய்டுடன் குறைந்த அளவு தியோஃபிலின் சேர்த்ததால் நோய் முற்றுவது குறையவில்லை.

நோய் முற்றும்போது

மூச்சிரைப்பு வழக்கத்தினும் மிகுந்து, கபம் கூடி, அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் நோய் முற்றியதாகக் கருதலாம். சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் அடிக்கடி தேவைப்படும். பிரட்னிசொலோன் 40 மில்லிகிராம் ஐந்து நாட்கள் போதும் என்பதைச் சுவிட்சர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. 14 நாட்கள் கொடுத்தவர்களுக்கு அதனினும் நன்மை மிகவில்லை. கபம் நிறம் மாறியவர்க்கு மருத்துவர் நுண்ணுயிர்க் கொல்லியும் தருவார். ஒரு சொற்றொடரை ஒரே மூச்சில் முடிக்க இயலாதவரையும், உதடு நீலம் பாய்ந்தவரையும், காரணமின்றி உறங்கி உறங்கி விழுபவரையும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நம் நாட்டில் இருமல் என்றாலே காசநோயை மறத்தலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரின் கபத்தைச் சோதித்தறிய வேண்டும். இதைச் செய்யாமல் லீவோஃப்ளாக்சசின் போன்ற மருந்தை எடுத்த எடுப்பில் கொடுத்தால், காசக் கிருமி சிலகாலம் அடங்கி நோய் கண்டறிவது தாமதமாகும். காசநோய் குணமான நுரையீரலிலும் அடைப்பு எஞ்சுவதுண்டு என்பதால், பழைய சிகிச்சைச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது நலம்.

பிராணவாயுவும் அளந்து கொடுக்கவேண்டிய மருந்தே. ஆம்புலன்ஸில் வழி நெடுகக் குழாயை முழுதும் திறந்து விடுவதே கருணை என்று பலர் எண்ணுவர். இந்நோயாளிகளுள் சிலருக்கு அதனால் கரியமிலவாயு இரத்தத்தில் தேங்கி நினைவு தப்பும். விரலில் மாட்டும் கருவி 88 முதல் 92 சதவீதம் காட்டும் அளவுக்குக் கொடுப்பதே முறை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அவசர ஊர்திகளில் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு அளந்து பெற்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. எந்நேரமும் பிராணவாயு மிகக் குறைந்தவர்கள் வீட்டிலேயே நாள்தோறும் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பெற்றால் ஆயுள் நீளும் என்பது 1980, 1981ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அந்த அறையில் பீடியும் அடுப்பும் இருத்தலாகாது.

2024-இல் அமெரிக்காவில் என்சிஃபென்ட்ரின், டுபிலுமாப் என்னும் இரு புதிய மருந்துகள் இந்நோய்க்கு அனுமதி பெற்றன. கிராமத்து நோயாளிக்கு அவற்றைவிட, கையிலுள்ள கருவியைச் சரியாக உபயோகிப்பது உடனடியாகப் பயன்தரும்.

கருவியைக் கையாளும் முறை

சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. அதே மருந்தின் மாத்திரையில் 4 மில்லிகிராம் இருந்தால் அது 40 அழுத்தங்களுக்குச் சமம். மாத்திரை வயிறு, ஈரல், இரத்தம் என்று உடலெங்கும் சுற்றிச் சிறு பங்கே நுரையீரலை அடைகிறது. வழியில் இருதயத்தைத் துடிக்க வைக்கிறது. இன்ஹேலரை 'கடைசிக் கட்ட மருந்து' என்றும், 'பிடித்தால் விடாத பழக்கம்' என்றும் அஞ்சுவோரிடம் இக்கணக்கைச் சொல்லலாம்.

அழுத்தினால் தெளிக்கும் புட்டி 1956-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் ஆஸ்துமா பிடித்த மகள், தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல் என் மருந்தையும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாளாம். எளிய கேள்வி, ஆனால் கருவியைக் கையாள்வது அவ்வளவு எளிதன்று. ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரையுள்ள துளிகளே சிறு குழல்களில் படியும். பெரியவை தொண்டையில் மோதி நிற்கும். ஆகவே புட்டியைக் குலுக்கி, முதலில் மூச்சை மெதுவாக முழுதும் வெளிவிட்டு, கருவியை உதடுகளால் இறுகப் பற்றி, மூச்சை உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, நான்கைந்து வினாடிகள் மெதுவாக இழுத்து, பத்து வினாடி மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராத முதியவர்க்கு ஸ்பேசர் என்னும் கூடு அவசியம். 1999-இல் தென்னாப்பிரிக்காவில் வெளியான ஆய்வில், 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டியால் செய்த ஸ்பேசர் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு, விலைக்கு வாங்கியதற்கு ஈடாகப் பயன்பட்டது.

மருந்துத் தூள் நிரம்பிய குப்பிகளை இட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலருக்கு முறை நேர் எதிரானது. அதில் தூளைக் கிளப்புவது நோயாளியின் மூச்சே ஆகையால், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுத் தூள் கட்டிப்படும். அக்குப்பியைத் தண்ணீருடன் விழுங்கிவிடுவோர் நம் நாட்டில் மட்டும் உள்ளனர் என்று எண்ண வேண்டாம். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதுபற்றி எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. 'தெரியுமா?' என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பர். 'செய்து காட்டுங்கள், ஐயா' என்று கேட்டு அருகில் அமர்ந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஒருமுறை கற்றுத் தந்ததும் சில வாரங்களில் மறந்துபோகும். ஒவ்வொரு வருகையிலும் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

புட்டி தீர்ந்ததை அறிவது இன்னொரு தொல்லை. குலுக்கினால் சலசலக்கும், அழுத்தினால் தெளிக்கும், ஆனால் மருந்து தீர்ந்தபின்னும் உந்தும் வாயு எஞ்சி இவ்வாறு ஏமாற்றும். நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. எண் காட்டும் கருவியாயின் கவலையில்லை. இல்லையேல் புட்டியின் மேல் அச்சிட்ட எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 120 அழுத்தங்கள் கொண்ட புட்டியை வேளைக்கு இரண்டாகக் காலையும் மாலையும் உபயோகித்தால் 30 நாட்களில் தீரும். 200 ஆனால் 50 நாட்கள். தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் அட்டைப் பெட்டியில் எழுதித் தரலாம். திணறலின்போது மட்டும் எடுக்கும் சால்பியூட்டமாலுக்கு இக்கணக்கு பொருந்தாது. அதற்குச் சுவரிலோ நாட்காட்டியிலோ ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு கோடு இடும் வேலையை வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். வாரத்துக்கு வாரம் கோடுகள் பெருகுவது தெரிந்தால், அத்தாளையே மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.